மார்கழியின் கிறிஸ்துமஸ் லீவு

சென்னை சீசனுக்கு மார்கழி என்று பெயர் சூட்டியவர் யாராக இருந்தாலும் நல்ல விளம்பரக்காரர். காலண்டரை எடுத்து வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கும். மியூசிக் அகாடமியின் இசை விழா டிசம்பர் நடுவில் தொடங்கிப் புத்தாண்டு அன்று முடிந்துவிடுகிறது. கோயிலில் அன்றைக்குத் திருப்பாவையின் பதினேழாம் பாசுரம்தான் ஓடிக்கொண்டிருக்கும். பாதி மார்கழி பாக்கி இருக்கும்போதே பாட்டுக்காரர்கள் மூட்டை கட்டிவிடுகிறார்கள், நாட்டியக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். ஆண்டாளை நம்பி நடத்தப்படும் விழா இப்படியா இருக்கும்?

இந்த சீசனின் உண்மையான பஞ்சாங்கம் கிறிஸ்துமஸ் லீவு. இந்திய தேசிய காங்கிரஸ் 1885இல் முதன்முதலாகக் கூடியதே டிசம்பர் கடைசி வாரத்தில். வெள்ளைக்காரன் கோர்ட்டுக்கு அப்போதுதான் விடுமுறை, வக்கீல்கள் ஊர் விட்டு ஊர் போக முடியும். 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாடு சென்னைக்கு வந்தது. அதை ஒட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அடுத்த ஆண்டு பிறந்த மியூசிக் அகாடமி அதன் குழந்தை. அந்த மாநாட்டையும் பின்னால் அகாடமியையும் முன்னின்று நடத்தியவர்களில் வக்கீல்கள் கணிசம். லீவு கிடைத்தவர்கள் உருவாக்கிய பண்பாடு இது. குற்றமாகச் சொல்லவில்லை. கலைக்கு முதல் தேவை ஓய்வு நேரம். அது யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான் பிறகு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

நூறு வருடம் ஆகப்போகிறது, இந்த ஏற்பாடு மாறவில்லை. எஜமானர்தான் மாறியிருக்கிறார். நான் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். அமெரிக்க கிளையன்ட் கிறிஸ்துமஸுக்குப் போய்விட்டால் எங்களுக்கு கோட் ஃப்ரீஸ். ப்ரொடக்‌ஷனில் யாரும் கை வைக்கக் கூடாது. மீதமிருக்கும் லீவையெல்லாம் அந்தப் பத்து நாளில்தான் தள்ள முடியும். அதே கிறிஸ்துமஸ் லீவில் நியூ ஜெர்சியிலிருந்தும் கலிஃபோர்னியாவிலிருந்தும் இறங்குகிறவர்கள் சபாக்களின் முன்வரிசையை நிரப்புகிறார்கள். வாழைப்பூ வடைக்கு கேன்டீனில் நிற்கும் வரிசையில் ஜெட்லாக் முகங்களை எண்ணிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

கீழ்க்கட்டளையிலிருந்து டிடிகே சாலைக்குப் போவதே ஒரு ராகமாலிகை. மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட மேடவாக்கம் மெயின் ரோடு, மடிப்பாக்கம், வேளச்சேரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளம். சாயங்கால மெயின் கச்சேரிக்கு வர்ணம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர முடியும். அதனால் எங்கள் பக்கத்து ரசிகர்களுக்கு நான் சொல்வது மதியக் கச்சேரிதான். பல சபாக்களில் டிக்கெட் கிடையாது. இளம் பாடகர்கள், பாதி காலி நாற்காலிகள், ஒரு பயத்தோடு எடுக்கப்படும் தோடி. பெரிய வித்வான்கள் முப்பது வருடமாகத் திருப்பிப் பாடும் பட்டியலைவிட அந்தப் பயம் எனக்குப் பிடிக்கிறது.

நாடகம் எங்கே என்று கேட்பீர்கள். டிசம்பரில் சபா மேடைகள் பெரும்பாலும் பாட்டுக்கும் பரதத்துக்கும்தான். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் நாடக விழாவின் பெயரே கோடை நாடக விழா. சங்கீதத்துக்குப் பனிக்காலம், நாடகத்துக்குக் கத்திரி வெயில்! கூத்துப்பட்டறை 1977இல் தொடங்கியது. ந. முத்துசாமி எழுதிய நாடகங்கள் தமிழ் உரைநடைக்கே புதிதாக ஒன்றைச் செய்தவை. டிசம்பர் விருந்தாளிகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

ஆனால் டிசம்பரில் தென்சென்னையில் நாடகம் நடக்கிறது. சர்ச்சில். தாம்பரம், பல்லாவரம், பரங்கிமலை என்று எங்கு போனாலும் கிறிஸ்துமஸ் நாடகம் உண்டு. மேய்ப்பர்களுக்குத் தலையில் டர்க்கி டவல், தேவதூதர்களுக்கு அலுமினியத் தாளில் சிறகு. மைக் ஒன்றுதான் இருக்கும், அதனால் வசனம் பேசுகிறவர்கள் எல்லோரும் மேடையின் ஒரே மூலைக்கு நகர்ந்துகொண்டே இருப்பார்கள். கைத்தட்டல் முழுக்க ஏரோதுக்குத்தான். அந்த வேடத்தில் யார் வந்தாலும் பி.எஸ். வீரப்பா சிரிப்பைக் கடன் வாங்காமல் விடுவதில்லை. கலை என்ற கணக்கில் சுமார் என்றுதான் சொல்வேன். பிரசங்கம் நுழையும் இடத்தில் நாடகம் செத்துவிடுகிறது, அது வருடா வருடம் கடைசிப் பத்து நிமிடத்தில் நுழைகிறது. ஆனால் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அடுத்த வருடம் மேடையில் இருப்பார்கள். எந்த சபாவும் இதைச் சொல்லிக்கொள்ள முடியாது.

இந்த இரண்டு டிசம்பர்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. இத்தனைக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு பிரதி கிடக்கிறது: வேதநாயகம் சாஸ்திரியாரின் 'பெத்லகேம் குறவஞ்சி'. 1774இல் பிறந்தவர், தஞ்சாவூரில் ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னருக்கு உடன் படித்தவர். குறவஞ்சி என்றால் உங்களுக்குத் தெரிந்ததுதான். தலைவன் உலா வருவான், தலைவி மையல் கொள்வாள், நிலாவைத் திட்டுவாள், குறத்தி வந்து குறி சொல்வாள், சிங்கன் சிங்கியைத் தேடி அலைவான். சாஸ்திரியார் அந்தச் சட்டகத்தை அப்படியே வைத்துக்கொண்டார். தலைவன் இயேசு, தலைவி தேவமோகினி, குறி சொல்ல வருகிறவள் ஞானச்சிங்கி. கோப்பர்னிகஸ் வானியலையும் அன்றைய உலக நிலவியலையும் சேர்த்து உள்ளே வைத்துவிட்டார். பழைய ஏபிஐயை உடைக்காமல் உள்ளே முழுக்கப் புதிய கோடு எழுதியிருக்கிறார் மனிதர். சிற்றிலக்கியம் என்று சுருக்கி நாம் பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்த ஒரு வடிவத்துக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டுகிறது அது.

'குற்றாலக் குறவஞ்சி'யை ருக்மிணி தேவி 1944இல் நாட்டிய நாடகமாக்கினார், கலாக்ஷேத்ரா இன்னும் அதைப் போற்றுகிறது. பெத்லகேமை நான் எந்த டிசம்பர் சபாவிலும் பார்த்ததில்லை. சமயம்தான் காரணம் என்று உடனே சொல்லிவிட முடியாது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர், அவருடைய பாட்டுகள் துக்கடா நேரத்தில் இன்றும் வருகின்றன. அகாடமி பிறப்பதற்குப் பதினாறு வருடம் முன்பே தஞ்சாவூரில் இசை மாநாடு கூட்டிய ஆபிரகாம் பண்டிதரும் கிறிஸ்தவர்தான். ஆக, கிறிஸ்தவர் எழுதலாம், ஆராயலாம். பாட்டுக்குள் கிறிஸ்து வந்தால்தான் சிக்கல்.

அந்தச் சிக்கல் 2018 ஆகஸ்டில் வெளியே வந்தது. இயேசு பற்றிய பாடல்களைப் பாடவிருந்த ஓ.எஸ். அருண், எதிர்ப்பும் மிரட்டலும் கிளம்பியதும் நிகழ்ச்சியிலிருந்து விலக வேண்டியதாயிற்று. மாதம் ஒரு பாட்டு இயேசு மீதோ அல்லா மீதோ பாடி வெளியிடுவேன் என்று டி.எம். கிருஷ்ணா பதில் சொன்னார். அவருடைய பதிலில் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அது எதிர்வினைதான். சாஸ்திரியாரின் குறத்திக்கு யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவள் வந்தாள், மலைவளம் சொன்னாள், கையைப் பிடித்துக் குறி பார்த்தாள், அவ்வளவுதான்.

2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' என்று தொடங்கியபோது பறையும் கானாவும் ஒப்பாரியும் மேடையேறின. மார்கழி என்ற பெயரையே பிடுங்கிக்கொண்டது அதில் எனக்குப் பிடித்த விஷயம். சபா மேடைக்காகக் காத்திருக்காமல் தனி மேடை போட்டார்கள். குறவஞ்சிக்கும் அப்படி ஒரு மேடை போடலாம்தான். ஆனால் பாடவும் ஆடவும் தெரிந்தவர்கள் சபா பக்கம் இருக்கிறார்கள், கதையை மனப்பாடமாக அறிந்த கூட்டம் சர்ச் பக்கம் இருக்கிறது. டிசம்பர் 25 மதிய ஸ்லாட்டில், ஒரு வயலின், ஒரு மிருதங்கம், ஏரோதாக நடித்துப் பழகிய யாராவது ஒருவர் சிங்கனாக.