சேஷா மட்டும் ஏன் வில்லி?

‘நாகினி’ தொடரின் முதல் பருவத்தைப் பார்த்தவர்களுக்குக் கதை சொல்லத் தேவையில்லை. பார்க்காத மாணவிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏக்தா கபூர் தயாரிப்பில் 2015 நவம்பரில் கலர்ஸ் சேனலில் இந்தியில் தொடங்கிய தொடர் இது. 2016-இல் தமிழ்க் குரல் கொடுக்கப்பட்டு சன் டி.வி.யில் வந்தது. சிவன்யா நினைத்த உருவம் எடுக்கும் நாகப்பெண். நாகமணிக்கு ஆசைப்பட்டுத் தன் பெற்றோரைக் கொன்றவர்களைத் தேடி ஒரு பணக்கார வீட்டுக்குள் நுழைகிறாள். அந்த வீட்டுப் பிள்ளை ரித்திக்குக்கு வேறொருத்தியோடு நடக்கவிருந்த கல்யாணத்தைத் தந்திரமாகத் திருப்பித் தானே மணப்பெண்ணாகிறாள். பழிவாங்க வந்த இடத்தில் காதல் வந்துவிடுகிறது. கூட வந்த சகோதரி சேஷாவுக்கும் அதே ரித்திக்மேல் ஆசை வருகிறது. அவனை அடைய அவளும் சூழ்ச்சி செய்கிறாள், சிவன்யாவின் உருவத்தையே எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நிற்கிறாள். சிவன்யா நாயகி, சேஷா வில்லி.

கிராபிக்ஸ் பாம்பைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஒரே முகத்தை மூன்று தடவை வெட்டி வெட்டிக் காட்டும் கேமராவைக் கிண்டல் செய்வது அதைவிடச் சுலபம். இலக்கியம் படித்தவர்கள் இதோடு தங்கள் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறோம். ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்து ஹாஸ்டலுக்குத் திரும்பும் பெண்களும், பொன்னேரியிலிருந்தும் மீஞ்சூரிலிருந்தும் லோக்கல் ரயில் பிடித்துக் கல்லூரிக்கு வரும் என் மாணவிகளும் இந்த வகைத் தொடர்களைச் சிரிப்பதற்காகப் பார்ப்பதில்லை. காதல் என்றால் என்ன, யாரை நம்பலாம், ஏமாந்தால் என்ன ஆகும் என்று பேச வீட்டில் இடம் இல்லாதபோது மாயக்கதை அதற்கு இடம் கொடுக்கிறது. பாட்டி சொன்ன கதைகளும் அதைத்தானே செய்தன?

ஆகவே கதையை அதன் சொந்த விதிகளை வைத்தே விசாரிப்போம். சிவன்யா ரித்திக்கிடம் தான் யார் என்பதைச் சொல்லாமல் அவனை மணக்கிறாள். எதற்காக மணக்கிறாள் என்பதையும் சொல்லவில்லை. அவனுடைய சம்மதம் ஒரு பொய்யான பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட சம்மதம். சேஷா செய்வதும் இதேதான். அவளும் வேறொருத்தியாக வேடம் போட்டு அவன் சம்மதத்தைத் திருடப் பார்க்கிறாள். செயலில் வித்தியாசம் இல்லை. முதலாமவளின் கழுத்தில் தாலி இருக்கிறது, இரண்டாமவளின் கழுத்தில் இல்லை, அவ்வளவுதான். தொடர் போட்டிருக்கும் அறக்கோடு இந்த இடத்தில்தான் ஓடுகிறது. வஞ்சகத்தால் கட்டிக்கொண்ட தாலியாக இருந்தாலும், கட்டியாகிவிட்டதால் அதற்கு முன் நடந்ததெல்லாம் காதலின் முன்னுரை ஆகிவிடுகிறது. தாலி கிடைக்காதவளின் அதே சூழ்ச்சி அபாயமான வெறியாகிறது. “சேஷா பாவம் மேடம், அவளும் லவ்தானே பண்ணினா?” என்று முதலாண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். சேஷா பாவம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. சேஷாவைத் தண்டிப்பதென்றால் சிவன்யாவையும் விசாரிக்க வேண்டும்.

சிவன்யாவைத் தொடர் வேறொரு வழியில் தண்டிக்கிறது, அதை நாம் தண்டனை என்று கவனிப்பதில்லை. மனிதனோடு கூடினால் நாகத்தின் வலிமை போய்விடும் என்பது கதை வைத்திருக்கும் விதி. வலிமையுள்ள பெண் மனைவியாக வேண்டுமென்றால் வலிமையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். அவளுடைய பெற்றோரின் கொலைக்கு நியாயம் கேட்கும் கதை, கொஞ்சம் கொஞ்சமாக அவள் நல்ல மருமகளா என்று கேட்கும் கதையாக நிறம் மாறுகிறது. கொலைகாரர்கள் ஐந்து பேர். கடைசிவரை மறைத்து வைக்கப்பட்ட அந்த ஐந்தாவது ஆள் யார் என்றால் மாமியார் யாமினி. சுதா சந்திரன் அந்தப் பாத்திரத்தை அனுபவித்து நடித்திருக்கிறார், அது வேறு விஷயம். பொருளாசையில் கொலை செய்த ஆண்கள் ஒவ்வொருவராகச் செத்து ஒழிய, குற்றத்தின் கடைசி முகமாக நம் நினைவில் தங்குவது ஒரு பெண்ணின் முகம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்தக் கதையைப் பார்ப்பதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. இங்கே பாம்பு காதலி அல்ல, ஆத்தா. திருவேற்காட்டுக் கருமாரியம்மன் கோயில் புற்றில் பால் ஊற்றும் பெண்களுக்கும், பெரியபாளையத்தில் வேப்பிலையை உடுத்திப் பவானியம்மனைச் சுற்றிவரும் பெண்களுக்கும் நாகம் என்பது பிள்ளையைக் காப்பவள், கோபம் வந்தால் கேட்பவள். யாரையும் மணந்துகொள்ள அவளுக்கு அவசியமில்லை. உருமாறும் நாகக் காதலி நமக்கு இந்தி சினிமா வழியாக வந்தவள். 1976-இல் வந்த ‘நாகின்’ படத்தைத் தழுவி 1979-இல் துரை இயக்கிய ‘நீயா?’வில் ஸ்ரீபிரியா அவளைத் தமிழில் நிலைநாட்டினார். இணைநாகத்தைக் கொன்ற ஆண்களை, அவரவர் விரும்பும் பெண்ணின் உருவில் போய்ப் பழிதீர்ப்பாள் அவள். ஆணின் ஆசையையே அவனுக்குத் தூண்டிலாகப் போடும் அந்தப் பெண்ணிடம் குறைந்தபட்சம் குழப்பம் இல்லை. கொல்லவேண்டியவனைக் காதலிக்க வைத்து அவளை மருமகளாக்கியது தொலைக்காட்சி. பல மாதம் ஓட வேண்டும் அல்லவா?

ஆனால் பாம்பு உருவமும் படுக்கையறையும் கள்ளத் தாலியும் சேர்ந்த கதை இந்தியிலிருந்து வந்துதான் நமக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. புகழேந்தியின் பெயரில் வழங்கும் ‘அல்லி அரசாணி மாலை’ பெரிய எழுத்துப் புத்தகமாகத் தலைமுறைகளாக விற்றது. திண்ணையில் ஒருவர் ராகம் போட்டுப் படிக்க மற்றவர்கள் கேட்ட கதை அது. மதுரையை ஆளும் அல்லிக்குக் கல்யாணத்தில் விருப்பம் இல்லை. நீன்முகனை வென்று நாட்டைப் பிடித்தவள். அவளைச் சுற்றிக் காவலும் அமைச்சும் பெண்களே. தீர்த்த யாத்திரை வந்த அர்ச்சுனன் அவளைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆசைப்படுகிறான். கேட்டால் கிடைக்காது என்று தெரியும். கிருஷ்ணன் துணைக்கு வருகிறார். ஒருவர் பாம்பாட்டியாகிறார், இன்னொருவன் பாம்பாகிறான். பாம்பின் அழகில் மயங்கிய அல்லி அதைத் தன் அறைக்கே கொண்டுபோகிறாள். இரவில் பாம்பு ஆணாகிறது. உறங்கும் பெண்ணின் கழுத்தில் தாலி ஏறுகிறது. விழித்தவள் கொதிக்கிறாள், தேடுகிறாள், படை எடுக்கிறாள். கடைசியில் அவளை மனைவியாக்கி, புலந்திரனுக்குத் தாயாக்கிக் கதை அடங்குகிறது.

இன்றைய சொல்லில் சொன்னால் அது என்ன செயல் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. கதை அதைக் காதல் என்கிறது, சாமர்த்தியம் என்கிறது. படித்த ஆண்கள் பலர் அதை நகைச்சுவையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆண் பாம்பாகி ஏமாற்றினால் வீரனின் லீலை. பெண் பாம்பு பெண்ணாகி ஏமாற்றினால் அவள் பல மாதம் அழுது, வலிமை இழந்து, மாமியாரிடம் மிதிபட்டுப் பாவத்தைக் கழுவ வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மனைவி கொஞ்சம் உரக்கப் பேசினால் ‘வீட்டில் அல்லி ராஜ்யம்’ என்கிறோம். ஏமாற்றப்பட்டவளின் பெயர் இழிசொல்லாக வாய்க்கு வந்துவிட்டது. ஏமாற்றியவனின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிறோம். ஆனாலும் அந்தப் பழைய நூலிடம் எனக்கு ஒரு மரியாதை உண்டு. அல்லியின் கோபத்தை அது சுருக்கவில்லை. உறக்கத்தில் நடந்ததற்காக விழிப்பில் அவள் போர் தொடுக்கிறாள். உண்மை தெரிந்த பின் ரித்திக்குக்கு அப்படி ஒரு கோபத்தைத் தொடர் அனுமதிப்பதில்லை. சில எபிசோடுகளுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், பின்பு சமாதானம்.

இங்கே நிற்க வேண்டியிருக்கிறது. ‘காதல் என்ற பெயரில் ஏமாற்றுகிறார்கள்’ என்ற வாக்கியத்தை இந்த மண்ணில் நாம் மட்டும் சொல்லவில்லை. பிடிக்காத பெண்ணை மகன் கட்டிக்கொண்டால் ‘மருந்து வச்சு மயக்கிட்டா’ என்பது ஊர்ப்பேச்சு. வசியம், இடுமருந்து என்று அதற்குப் பழைய சொற்கள் உண்டு. அதையே அரசியலாக்கி ‘நாடகக் காதல்’ என்று பெயர் வைத்தார்கள். ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் போட்டுத் தலித் இளைஞர்கள் எங்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று மேடை போட்டுப் பேசினார்கள். 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகள் எரிந்தபோது பின்னணியில் ஒரு பெண்ணின் சாதி மறுப்புத் திருமணம் இருந்தது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டப்பட்டார். கௌசல்யா பிழைத்தார், நீதிமன்றத்தில் நின்று சாட்சி சொன்னார். அதே ஆண்டில்தான் தமிழ்நாட்டு வீடுகளில் நாகினி மாப்பிள்ளையை ஏமாற்றி மணப்பதை நாம் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். திரையில் பாம்பு ஆளை மறைத்து மணந்தால் அது காதல். தெருவில் யாரும் எதையும் மறைக்காமல் மணந்தால் அது நாடகம்.

அப்படியென்றால் சூழ்ச்சியைப் பற்றிப் பெண்ணியவாதிகள் வாயே திறக்கக் கூடாதா? திறந்தால் சாதிக்காரர்களுக்கு ஆயுதம் எடுத்துக் கொடுத்ததாகிவிடுமா? இந்தப் பயத்தால் நம்மில் பலர் இதை எழுதாமல் தவிர்க்கிறோம். என் பார்வையில் இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஏமாற்றப்பட்டதாகச் சொல்வது யார் என்று பார்க்க வேண்டும். அல்லி விழித்ததும் அவளே சொல்கிறாள். ‘நாடகக் காதல்’ என்று கூவுபவர்களில் சம்பந்தப்பட்ட பெண் இல்லை. அப்பனும் பெரியப்பனும் சங்கமும் அவளுக்காகப் பேசுகிறார்கள், அவள் வாய் திறந்து ‘நான் விரும்பித்தான் போனேன்’ என்றால் மயக்கத்தில் பேசுகிறாள் என்கிறார்கள். அர்ச்சுனனுக்கு அவள் உறங்கிக்கொண்டிருக்க வேண்டும். இவர்களுக்கும் அவள் உறங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

அவளே வந்து சொல்லும்போது ஊர் என்ன செய்தது என்பதற்கு நம்மிடம் பழைய சான்று ஒன்று உண்டு. அகநானூற்றின் 256-ஆம் பாட்டில் கள்ளூர் என்றோர் ஊர் வருகிறது. பெண்ணொருத்தியின் நலத்தை உண்டுவிட்டு, அவளைத் தெரியவே தெரியாது என்று பொய்ச்சூள் உரைத்தவனை அவை விசாரிக்கிறது. சாட்சிகளைக் கேட்கிறது. உண்மை தெரிந்ததும் அவனை மரக்கிளையில் பிணித்துத் தலையில் நீற்றைக் கொட்டுகிறது. வேறொருவனின் பரத்தமையைக் குத்திக்காட்ட உவமையாக வரும் செய்திதான் இது. ஆனாலும் ஒரு முழு வழக்கு அதற்குள் இருக்கிறது. பொய்யும் தவறும் தோன்றிய பிறகே மணச் சடங்கு வகுக்கப்பட்டது என்று தொல்காப்பியரும் சொல்கிறார். சடங்கு வந்ததால் பொய் நின்றதா என்பதற்கு சிவன்யாவின் தாலியே பதில்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-ஆம் பிரிவு கள்ளூர் வழக்கின் இன்றைய வடிவம். நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் மணப்பதாக வாக்குக் கொடுத்தோ, வஞ்சக வழியிலோ ஒரு பெண்ணோடு உறவு கொள்பவனுக்குப் பத்தாண்டு வரை சிறை. அடையாளத்தை மறைத்து மணப்பதையும் வஞ்சகம் என்கிறது. இந்த வரி எனக்கு உறுத்துகிறது. மதம் மாறிக் காதலிப்பவர்கள்மேல் இதை ஏவுவதற்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பெண்ணின் அப்பா புகார் எழுதிவந்து அவளிடம் கையெழுத்து மட்டும் வாங்கும் காட்சியைக் கற்பனை செய்யக் கஷ்டப்பட வேண்டியதில்லை.

ஆனால் அதே விளக்கத்தில் நம் ஊருக்கு மிக நெருக்கமான ஒரு சொல் இருக்கிறது. வேலை தருவதாகவோ பதவி உயர்வு தருவதாகவோ பொய் வாக்குக் கொடுப்பதும் வஞ்சகமே என்கிறது சட்டம். தொழிற்பேட்டைகளில் கான்ட்ராக்டில் வேலை செய்யும் பெண்களுக்கு ‘நிரந்தரம்’ என்ற சொல்லின் எடை தெரியும். ‘உன்னைப் பர்மனென்ட் பண்ணிடறேன்’ என்பதும் ‘உன்னைக் கட்டிக்கறேன்’ என்பதும் ஒரே வாயிலிருந்து ஒரே வாரத்தில் வரும்போது அதைக் காதல் என்று நம்புவதா, வேலை என்று நம்புவதா? அங்கே யாரும் பாம்பாக மாறுவதில்லை. ஷிப்டைப் பிரித்துக் கொடுக்கும் அதிகாரம் இருந்தால் போதும், உருமாற்றம் தானாக நடக்கும். நாகினியும் சரி, அதற்குப் பின்னால் வந்த மாயத் தொடர்களும் சரி, பணக்கார பங்களாவைத் தாண்டி இந்த இடத்துக்கு வந்ததில்லை. சூழ்ச்சி என்றால் ஒரு பெண் இன்னொரு பெண்ணின் பாலில் எதையாவது கலப்பது என்றே அவை நமக்குப் பழக்கியிருக்கின்றன. சம்பளமும் அதிகாரமும் கலந்த சூழ்ச்சிக்குப் பின்னணி இசை கிடையாது. அதனால் அதை அடையாளம் காணத் தாமதமாகிறது.

அல்லி பகுதியை வகுப்பில் நடத்தியபோது நடந்த விவாதத்தை எழுதிவைத்திருக்கிறேன். விழித்ததும் அல்லி ஏன் அந்தத் தாலியைக் கழற்றி எறியவில்லை என்று ஒருத்தி கேட்டாள். எறிந்தாலும் கதை எழுதியவர் திரும்பக் கட்டியிருப்பார் என்றாள் பக்கத்தில் இருந்தவள். ஹாஸ்டலில் தங்கிப் பகுதிநேரம் பேக்கிங் வேலைக்குப் போகும் மாணவி ஒருத்தி, வழக்கமாகப் பேசாதவள், வேறொன்று கேட்டாள்: “பாம்பு ரூமுக்குள்ள வர்றப்ப அத்தனை காவல்காரப் பொம்பளைங்களும் எங்க மேடம் போனாங்க? அதுல ஒருத்திக்காவது சந்தேகம் வந்திருக்காதா, வந்திருந்தா அல்லிகிட்ட சொல்லியிருப்பாளா?” நூலில் அதற்கு விடை இல்லை. அடுத்த பருவத்துக்கு அதையே கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்திருக்கிறேன்.