வினவாத பணியாளர்: ஒரு மதிப்பீடு

நிறுவனத்துக்கு இன்றியமையாத பணியாளராவது எப்படி என்று கற்பிக்கும் நூல்களுக்குத் தமிழில் இன்று குறைவில்லை. இவ்வகை எழுத்தின் முன்னோடிகளுள் ஒன்று, அமெரிக்கரான எல்பர்ட் ஹப்பர்ட் 1899-இல் எழுதிய 'கார்சியாவுக்குச் செய்தி' என்னும் சிறு கட்டுரை. 1898-ஆம் ஆண்டுப் போரின்போது கியூபத் தளபதி கார்சியாவிடம் அனுப்பப்பட்ட ரோவன் என்னும் படை அலுவலரே அதன் தலைமகன். ஒரு கேள்வியும் கேளாமல் அவர் புறப்பட்டதையே ஹப்பர்ட் போற்றுகிறார். இரயில்வே நிறுவனம் ஒன்று அதனைப் பெருமளவில் அச்சிட்டுப் பரப்பியது.

இத்தகைய நூல்களில் நன்மை இல்லையெனக் கூறோம். நேரந் தவறாமை, ஏற்ற வேலையை முடித்தல், புதிய திறன்களைக் கற்றல் ஆகியன எவருக்கும் அணிகலனே. ஆயினும் இவற்றைத் திருப்பூரில் வைத்துப் படிக்கும்போது, இவை சொல்லாமல் விட்டவை புலனாகின்றன.

பனியன் கம்பெனியில் தொழிலாளராக நுழைந்து உடைமையாளராக உயர்ந்தோர் அங்குப் பலர். 2004-இல் வெளிவந்த தமது ஆய்வுநூலில் ஷரத் சாரி இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். அவ்வுயர்வில் உழைப்போடு சாதி உறவுக்கும் ஆண் என்னும் நிலைக்கும் பங்கிருந்தது என்பதை அந்நூல் உணர்த்துகிறது. பிசிறு வெட்டும் பெண்ணின் உழைப்பு குறைந்ததன்று. அவளுக்கு அவ்வழி திறக்கவில்லை.

1984-இல் பஞ்சப்படி கோரித் திருப்பூர்த் தொழிலாளர் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பலர் கூடிக் கேட்கும் அத்தகைய கேள்விக்கு இந்நூல்களில் இடமேயில்லை. 2011 ஜனவரியில், கழிவுநீரை நொய்யலில் விடுவது நிற்காமையால், சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. தேர்ந்த பணியாளரும் புதியவரும் ஒருங்கே வேலையிழந்தனர். "இந்நீர் எங்கே போகிறது?" என்று கேட்கும் பணியாளரை ஹப்பர்ட் இடையூறென்றே எண்ணியிருப்பார். தொழிலுக்கே தேவையாயிருந்ததோ அக்கேள்விதான்.

கடைசி மணிவேளையில் வந்தவனுக்கும் முழு நாட்கூலி கொடுத்த திராட்சத் தோட்டத்து உவமையை நாம் அறிவோம். பயனை மட்டும் அளந்து மனிதரை மதிப்பிடும் வழக்கத்தை அது கேள்விக்குள்ளாக்குகிறது.

ஆகவே, வேலைக்குச் செல்லும் இளையோர் கையில் இந்நூல்களைத் தாராளமாகக் கொடுக்கலாம். உடன் வருங்கால வைப்புநிதி, ஈ.எஸ்.ஐ., மிகைநேரக் கூலி ஆகியவை பற்றிய அறிவையும் கொடுத்தல் வேண்டும். நன்கு உழைக்கக் கற்றவர் நன்கு வினவவும் கற்கட்டும்.