ஃபடோர்டாவில் கடைசி ஐந்து நிமிடம்

கால்பந்து ரசிகனாகப் பிறந்தால் இப்படி ஒரு ஆட்டத்தையாவது மைதானத்தில் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும்! 2015 டிசம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. கோவா, மட்காவ் நகரத்து ஃபடோர்டா ஸ்டேடியம். இந்தியன் சூப்பர் லீக் இறுதிப்போட்டியில் எஃப்சி கோவாவும் நம்ம சென்னையின் எஃப்சியும். அதற்குப் பிறகு எத்தனையோ ஆட்டம் பார்த்தாயிற்று, எதுவும் அதன் கிட்டக்கூட வரவில்லை.

எங்கள் சிவகாசியில் டிசம்பர் என்றால் காலண்டர் மாதம். தீபாவளி முடிந்து பட்டாசுக்காரர்கள் மூச்சு விடும்போதுதான் அச்சகக்காரர்களுக்கு ராத்தூக்கம் போகும். அந்த நேரத்தில் லீவு கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்? கோவாவில் ஒரு கடைக்குக் காலண்டர் கட்டுகளை ஒப்படைத்துப் பணம் வாங்கிவர ஆள் வேண்டும் என்றதும் முந்திக்கொண்டு நான் போகிறேன் என்றேன். எர்ணாகுளம் போய் மங்களா எக்ஸ்பிரஸ். கூடவே மச்சினன். கிரிக்கெட்டும் கபடியும் தவிர மற்றதெல்லாம் அவனுக்கு விளையாட்டே இல்லை.

சென்னையின் அந்த ஃபைனலுக்கு வந்த கதையைச் சொன்னாலே புல்லரிக்கும். சீசன் பாதி தாண்டியும் பட்டியலில் அடியில் கிடந்த அணி அது. திடீரென்று விழித்துக்கொண்டு கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் ஜெயித்து, 22 புள்ளிகளோடு மூன்றாம் இடம் பிடித்து அரையிறுதிக்குள் நுழைந்தது. அதற்குள் சென்னையில் அந்தப் பெருவெள்ளம். சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதியை புனேயில் போய் ஆடினார்கள். அங்கே நடப்புச் சாம்பியன் கொல்கத்தாவை 3-0 என்று கவிழ்த்தார்கள்! கொல்கத்தாவில் நடந்த மறு ஆட்டத்தில் 1-2 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் 4-2. ஊரே தண்ணீரில் நிற்கும்போது அந்த மக்களுக்குக் கொடுக்க அவர்களிடம் இருந்தது இது ஒன்றுதான். அதை வஞ்சனையில்லாமல் கொடுத்தார்கள்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் நான் முதலில் தேடியது ஆட்டக்காரர்களை அல்ல, ஓரத்தில் நின்ற இரண்டு பேரை. கோவாவின் பயிற்சியாளர் ஜீக்கோ! 1986 உலகக்கோப்பையில் பிரான்ஸுக்கு எதிராக அவர் பெனால்டியைத் தவறவிட்டபோது அழுத பையன்களில் நானும் ஒருவன். இந்தப் பக்கம் மார்கோ மாட்டராஸி, 2006 உலகக்கோப்பை ஃபைனலில் கோல் போட்டவர். இருவரையும் ஒரே பார்வையில் பார்க்கிற பாக்கியம் நம்ம ஊர்ப் பக்கத்து ஆளுக்கு எப்போது வாய்க்கும்!

முதல் பாதியில் கோல் இல்லை. அதைப் பற்றி அவ்வளவு போதும். 54-ஆவது நிமிடத்தில் நமக்கு ஒரு பெனால்டி. ப்ரூனோ பெலிஸாரி அடித்தார், கோவா கோல்கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணி தடுத்துவிட்டார். திரும்பி வந்த பந்தை அதே பெலிஸாரி உள்ளே தள்ளினார். நாங்கள் குதித்து முடிப்பதற்குள், 58-இல் ஹாவ்கிப் சமன் செய்தார். கொஞ்ச நேரத்தில் நமக்கு இன்னொரு பெனால்டி. இந்தத் தடவை மென்டோசா. அதையும் பிடித்தார் கட்டிமணி! ஃபைனலில் இரண்டு பெனால்டியைத் தடுக்கிற மனிதரை எதிரி என்று எப்படி வெறுப்பது? நான் எழுந்து நின்று கைதட்டினேன். மச்சினன் சட்டையைப் பிடித்து இழுத்தான்: "அத்தான், நம்ம ஆளு பெனால்டியக் கோட்டைவிட்டுட்டு நிக்கான், நீங்க யாருக்குக் கைதட்டுறீக?"

87-ஆவது நிமிடம். ஜோஃப்ரேயின் ஃப்ரீ கிக். வலைக்குள் பாய்ந்த பந்தைக் கண் பார்க்குமுன் காது அறிந்துவிட்டது. அப்படி ஒரு சத்தம் அந்த ஸ்டேடியத்தில். கோவா 2, சென்னை 1. எங்களைச் சுற்றி எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து ஆறுதலாகத் தலையசைத்தார்.

சரவெடி சில சமயம் நடுவில் ஓய்ந்துபோகும். தீர்ந்தது என்று பக்கத்தில் போகும்போதுதான் மிச்சச் சரம் பற்றிக்கொள்ளும். 90-ஆவது நிமிடம் அப்படித்தான் பற்றியது. கோல் வாசலில் நெரிசல், மேலே எழும்பிய பந்து, கட்டிமணியின் கையில் பட்டு அவர் வலைக்குள்ளேயே விழுந்தது. 2-2! கூடுதல் நேரம் வரப்போகிறது என்று மூச்சை இழுத்துப் பிடித்தோம். அதற்கும் அவசியமில்லாமல் போனது. 92-ஆவது நிமிடம், ஸ்டீவன் மென்டோசா. பெனால்டியைக் கோட்டைவிட்ட அதே மென்டோசா. அந்தக் காலில் இருந்து பந்து வலைக்குள். 3-2! சென்னை சாம்பியன்!

நான் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. கபடிக்காரன் மச்சினன் என்னைத் தோளில் தூக்கிவிட்டான், அது மட்டும் தெரியும். அந்த சீசனில் மென்டோசா போட்டது 13 கோல், தங்கக் காலணி அவருக்குத்தான். கொலம்பியாவில் பிறந்த அந்தப் பிள்ளை ஓடுகிற ஓட்டத்தைத் திரையில் பார்த்துக் கணக்குப் போட முடியாது. டிவியில் பந்து மட்டும்தான் தெரியும். மைதானத்தில், பந்து வருவதற்கு முன்பே அவர் எந்த இடைவெளியைப் பார்த்து நகர்கிறார் என்பது தெரியும். எதிரணி தடுப்பாட்டக்காரர் ஒருமுறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தால் போதும், அவர் பயந்துவிட்டார் என்று நமக்குப் புரிந்துவிடும்.

2018 மார்ச் 17-இல் பெங்களூரு கண்டீரவாவில் சென்னையின் மறுபடியும் கோப்பை வாங்கியது. அதே 3-2. மெய்ல்சன் ஆல்வஸ் தலையால் முட்டிய இரண்டு கோல், ரஃபேல் அகஸ்டோ தூரத்தில் இருந்து அடித்த ஒன்று, நடுக்களத்தில் வியாசர்பாடிப் பிள்ளை தனபால் கணேஷ். அழகான ஆட்டம், இன்னும் நேர்த்தியான ஆட்டம் என்றுகூடச் சொல்வேன். ஆனால் எதை மறுபடி பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் யோசிக்கவே மாட்டேன். ஃபடோர்டாதான், 87-ஆவது நிமிடத்தில் இருந்து.