கத்தரிப்பூ நிறத்தை நீலம் என்று எழுதுவது

1967 டிசம்பர் இறுதியில், லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய இங்கிள்வுட் நகரில் 'ஃபோரம்' என்ற விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய ஜாக் கென்ட் குக் இரண்டு அணிகளின் உரிமையாளர். ஒன்று லேக்கர்ஸ் கூடைப்பந்து அணி, மற்றது கிங்ஸ் பனி ஹாக்கி அணி. 1960இல் மினியாபொலிஸிலிருந்து வந்த லேக்கர்ஸ் அதுவரை நீலமும் வெள்ளையும் உடுத்தி ஆடியது. புதிய அரங்கத்தோடு சீருடையும் கத்தரிப்பூ நிறத்துக்கும் மஞ்சளுக்கும் மாறியது. ஆனால் கத்தரிப்பூ நிறத்தைக் குறிக்கும் 'பர்ப்பிள்' என்ற ஆங்கிலச் சொல் குக்குக்குப் பிடிக்காது. நிறம் வேண்டும், அதன் பெயர் வேண்டாம். ஆகவே அதற்கு 'ஃபோரம் நீலம்' என்று பெயர் வைத்தார். மஞ்சளுக்குத் 'தங்கம்' என்ற பெயர் வந்தது.

பார்க்கிற எவர் கண்ணுக்கும் அது நீலம் இல்லை. ஆனாலும் வர்ணனையிலும் எழுத்திலும் அந்தப் பெயர் பல பத்தாண்டுகள் புழங்கியது. 1999இல் லேக்கர்ஸ் அணி ஃபோரத்தை விட்டுப் போனது. அதற்குப் பிறகும் 'ஃபோரம் நீலம்' முழுதாக மறையவில்லை.

பணக்காரர் ஒருவரின் கிறுக்கு என்று சிரித்துவிட்டு நகரலாம். ஆனால் விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர், மொழிபெயர்க்கிறவர், கலைக்களஞ்சியக் குறிப்பு தயாரிக்கிறவர் எல்லோரும் ஓர் இடத்தில் வந்து நிற்கத்தான் வேண்டும். 'அணியின் அதிகாரபூர்வ நிறங்கள்' என்ற வரிக்கு எதிரே என்ன எழுதுவது? உரிமையாளர் சொன்னதையா, கண் கண்டதையா? நடைக் கையேடுகள் இதைச் சின்ன விஷயமாக, சீர்மைக்கான விதியாக மட்டும் நடத்துகின்றன. இதற்குள் அதிகாரம் பற்றிய கேள்வி ஒன்று இருக்கிறது. பெண்களின் கூடைப்பந்தைப் பற்றி எழுதும்போது அது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது.

முதலில், நம் பக்கத்திலிருந்தே எழக்கூடிய மறுப்பு ஒன்றைப் பார்த்துவிடுவோம். ஒருவர் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறாரோ அப்படியே மற்றவர்களும் அழைக்க வேண்டும் என்பது பெண்ணியம் போராடிப் பெற்ற நெறி. திருமணத்துக்குப் பின்னும் தன் பெயரை வைத்துக்கொள்ளும் பெண்ணுக்கும், தன் பெயரைத் தானே தேர்ந்துகொள்ளும் திருநங்கைக்கும் அந்த மரியாதையைக் கேட்கிறோம். அப்படியானால் ஓர் அணி தன் நிறத்துக்கு வைத்த பெயரை ஏற்பதில் என்ன தவறு?

இரண்டும் ஒன்றல்ல. தன்னைத் தானே பெயரிட்டுக்கொள்வது வேறு, தன் உடைமைக்குப் பெயரிடுவது வேறு. குக் அந்த உடையைப் போட்டு ஆடியவர் அல்ல. மற்றவர் உடலில் ஏறும் உடைக்கு, எல்லோர் கண்ணுக்கும் தெரியும் நிறத்துக்கு, தன் கட்டடத்தின் பெயரைச் சூட்டினார். அதை அப்படியே எழுதும் பத்திரிகையாளர் அணியை மதிப்பதாக நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அவர் மதிப்பது உடைமையை.

அந்த நிறங்களை உடுத்திய பெண்களின் கதை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 1979இல் குக்கிடமிருந்து அணிகளையும் அரங்கத்தையும் ஜெர்ரி பஸ் வாங்கினார். அதே ஆண்டு 'லேக்கர் கேர்ள்ஸ்' என்ற நடனக் குழுவை உருவாக்கினார். இப்படி அந்த அரங்கத்தில் கத்தரிப்பூ நிறமும் மஞ்சளும் பெண்களின் உடலில் முதலில் நடன உடையாகவே ஏறின. ஆட்ட உடையாக ஏற இன்னும் 18 ஆண்டுகள் ஆயின. 1997இல் அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகமான டபிள்யூஎன்பிஏ எட்டு அணிகளோடு தன் முதல் பருவத்தை ஆடியது. அவற்றில் ஒன்று லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸ். பஸ்ஸின் நிர்வாகத்தில், அதே ஃபோரம் அரங்கத்தில், அதே இரு நிறங்களில் ஆடியது.

எட்டு அணிகளில் வேறு சிலவும் அப்படித்தான். சேக்ரமென்டோ மோனார்க்ஸ், ஃபீனிக்ஸ் மெர்க்குரி, சார்லட் ஸ்டிங் ஆகியவை தத்தம் ஊர் ஆண்கள் அணியின் நிறச் சாயலோடுதான் வந்தன. அண்ணனின் சட்டையைத் தங்கைக்குப் போட்டுவிடும் வீட்டு வழக்கம் நமக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு அந்தக் கழகம் முழுவதுமே ஆண்கள் கழகமான என்பிஏவின் கையில் இருந்தது. 2002இல்தான் விதி மாறி, ஆண்கள் அணியோடு தொடர்பில்லாதவர்களும் பெண்கள் அணிகளுக்கு உரிமையாளராக முடிந்தது.

இந்த வரலாறு எழுத்து நடையில் ஒரு பழக்கத்தை விட்டுச்சென்றது. பெண்கள் அணியின் நிறத்தை அதன் சொந்த நிறமாக எழுதாமல், 'லேக்கர்ஸின் நிறங்களில் ஆடும் சகோதரி அணி' என்று எழுதுவது. ஸ்பார்க்ஸ் 2001இலும் 2002இலும் கோப்பை வென்றது. அதன் நட்சத்திரம் லிசா லெஸ்லி 2002 ஜூலை 30 அன்று வளையத்துக்கு மேலே எழும்பிப் பந்தை உள்ளே அழுத்தினார். டபிள்யூஎன்பிஏ ஆட்டம் ஒன்றில் அப்படிச் செய்த முதல் பெண் அவர். அந்த நொடியில் அவர் போட்டிருந்தது யாருடைய நிறம்? 2006 இறுதியில் ஸ்பார்க்ஸ் அணியை வாங்கிய குழுவை நடத்தியவர்கள் கார்லா கிறிஸ்டோஃபர்சன், கேத்தி குட்மன் என்ற இரு பெண்கள். இருவரும் அதற்கு முன் பருவச்சீட்டு வாங்கி ஆட்டம் பார்த்த ரசிகைகள். பஸ்ஸின் கையிலிருந்து அணி போனது, நிறம் போகவில்லை. அதன் பிறகும் 'சகோதரி அணி' என்று எழுதியவர் தகவல் பிழையைத்தான் எழுதினார். நடை விதி சோம்பேறியாகும்போது பெண்ணின் பெயருக்கு முன்னால் ஆணின் பெயர் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதைவிடக் கனமான கேள்வி 'அதிகாரபூர்வ' என்ற சொல்லில் இருக்கிறது. எது அதிகாரபூர்வ நிறம் என்று யார் முடிவு செய்கிறார்களோ, எது மீறல் என்றும் அவர்களே முடிவு செய்கிறார்கள். 2016 ஜூலையில் இது வெளிப்படையாக நடந்தது. ஆல்டன் ஸ்டெர்லிங், ஃபிலாண்டோ காஸ்டில் என்ற இரு கறுப்பின ஆண்கள் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தனர். டாலஸில் காவலர்கள் ஐவர் கொல்லப்பட்டிருந்தனர். மினசோட்டா லிங்க்ஸ் வீராங்கனைகள் இந்த உயிரிழப்புகளை நினைவூட்டும் கறுப்புச் சட்டையோடு ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சிக்கு வந்தார்கள். பிறகு நியூயார்க் லிபர்ட்டி, ஃபீனிக்ஸ் மெர்க்குரி, இண்டியானா ஃபீவர் அணியினரும் கறுப்புச் சட்டை போட்டார்கள். கழகம் இந்த மூன்று அணிகளுக்கும் தலா 5,000 டாலர், வீராங்கனைகளுக்குத் தலா 500 டாலர் அபராதம் விதித்தது. சொன்ன காரணம், சீருடை விதி மீறல்.

அந்தக் கறுப்புச் சட்டைகளில் வாசகம் எதுவும் இல்லை. கழகத்துக்கு உடை வழங்கிய நிறுவனத்தின் சின்னம் மட்டும் இருந்தது. வெறும் நிறமே குற்றமானது. ஜூலை 21 அன்று லிபர்ட்டி அணியின் டீனா சார்ல்ஸ் மாதத்தின் சிறந்த வீராங்கனைக்கான விருதை வாங்க வந்தபோது, பயிற்சிச் சட்டையைக் கறுப்பான உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டிருந்தார். கண்டனம் வலுத்தது. இரண்டு நாளில் கழகம் அபராதத்தை ரத்து செய்தது.

இதை எழுத வேண்டிய செய்தியாசிரியர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். 'வீராங்கனைகள் அதிகாரபூர்வமற்ற நிறத்தில் வந்தனர்' என்று எழுதினால் அது கழகத்தின் குற்றப்பத்திரிகை. 'வீராங்கனைகள் கறுப்பு உடுத்தி வந்தனர். கழகம் அதை விதிமீறல் என்றது' என்று எழுதினால் செய்தது யார், சொன்னது யார் என்பது பிரிந்து தெரிகிறது. இரண்டாவது வாக்கியத்தில் கருத்து எதையும் கூட்டவில்லை. மறைந்திருந்த எழுவாயை மட்டும் வெளியே கொண்டுவந்திருக்கிறது. ஃபோரம் நீலத்துக்கும் இதே மருந்துதான். 'லேக்கர்ஸின் நிறம் ஃபோரம் நீலம்' என்பது உரிமையாளரின் குரல். 'கத்தரிப்பூ நிறம், உரிமையாளர் குக் அதை ஃபோரம் நீலம் என்று அழைத்தார்' என்பது எழுதுகிறவரின் குரல்.

வணிகப் பெயர்கள் எல்லாமே பொய் என்று இதற்குப் பொருளில்லை. நியூயார்க் லிபர்ட்டியின் நிறத்தை 'சீஃபோம்' என்கிறார்கள். சுதந்திர தேவி சிலையின் செம்பு காற்றும் மழையும் பட்டுப் பச்சையாகிவிட்டதே, அந்தப் பச்சையின் சாயல். ஆங்கில வாசகருக்கு அந்தப் பெயர் நிறத்தைக் காட்டிக்கொடுக்கிறது. தமிழில் 'கடல்நுரை நிறம்' என்று பெயர்த்தால் நமக்கு வெள்ளைதான் தோன்றும். 'களிம்புப் பச்சை' என்றால் செம்புப் பாத்திரம் துலக்கிய எவருக்கும் புரியும். பெண்கள் கழகத்தின் பந்து ஆரஞ்சும் ஓட்மீலும் மாறிமாறி வரும் பட்டைகள் கொண்டது. அந்த வெளிறிய நிறத்தை ஓட்ஸ் கஞ்சியின் நிறம் என்று எழுதலாம். சமையலறைச் சொல் என்பதால் அது தாழ்ந்ததல்ல. கத்தரிப்பூவும் வெங்காயத்தோலும் மாம்பழமும் நம் புடவைக் கடைகளில் நிறப் பெயர்களாக இருப்பவைதானே. எம்.எஸ். நீலம் என்ற பெயர்கூட, கட்டியிருந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வந்தது. கடைக்காரர் பெயரால் அல்ல.

தமிழில் எழுதுகிறவருக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. 'பர்ப்பிள்' என்பதற்கு 'ஊதா' என்று எழுதிவிடுகிறோம். ஆனால் பேச்சில் பலர் நீலத்தையும் ஊதா என்றே சொல்கிறார்கள். குக் காசு செலவழித்து உண்டாக்கிய குழப்பம் நமக்கு இலவசமாகவே கிடைக்கிறது. ஆகவே இந்த அணியைப் பற்றி எழுதும்போது கத்தரிப்பூ நிறம் என்று எழுதுவதே தெளிவு.

அரை நூற்றாண்டுக்கு மேலான பிறகு, கலிஃபோர்னியாவின் இன்னொரு முனையில் காட்சி தலைகீழானது. 2024 மே மாதம், சான் ஃபிரான்சிஸ்கோவின் புதிய பெண்கள் அணிக்கு கோல்டன் ஸ்டேட் வால்கிரீஸ் என்ற பெயர் அறிவிக்கப்பட்டது. அதன் நிறங்கள் வயலட்டும் கறுப்பும். உரிமையாளர்களுக்குச் சொந்தமான ஆண்கள் அணி வாரியர்ஸ் நீலமும் மஞ்சளும் உடுத்துகிறது. தங்கைக்கு அண்ணனின் சட்டை வரவில்லை. ஆண்கள் அணியின் உரிமையாளர் ஒருவர் நீலம் என்று சொல்லி மறைத்த நிறக் குடும்பத்தை இந்த அணி பெயர் சொல்லியே உடுத்தியது. 2025இல், தன் முதல் பருவத்திலேயே, உள்ளூர் ஆட்டங்கள் அனைத்திலும் 18,064 இருக்கைகளும் விற்றுத் தீர்ந்தன.

பெண்ணிய வாசகருக்கு இந்த நிறத்தில் வேறொரு நினைவும் உண்டு. வாக்குரிமைக்காகப் போராடிய அமெரிக்காவின் தேசியப் பெண்கள் கட்சியின் கொடியில் கத்தரிப்பூ நிறமும் வெள்ளையும் பொன்னிறமும் இருந்தன. இந்த அணிகள் அங்கிருந்து நிறம் எடுத்தன என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நாட்டில், அந்த நிறத்துக்குப் பெண்களோடு ஒரு பழைய வரலாறு உண்டு. 'நீலம்' என்று எழுதுகிறபோது அந்த வாசலும் சேர்ந்து மூடிக்கொள்கிறது.

வால்கிரீஸைக் கொண்டாடும்போதும் எச்சரிக்கை வேண்டும். 'வால்கிரி வயலட்' என்பதும் சட்டை விற்கும் பெயர்தான். அதன் உரிமையும் வீராங்கனைகளிடம் இல்லை. 2025 ஜூலையில் இண்டியானாபொலிஸில் நடந்த நட்சத்திர ஆட்டத்துக்கு முன், வீராங்கனைகள் 'எங்களுக்குத் தர வேண்டியதைத் தாருங்கள்' என்ற பொருள்படும் வாசகம் பொறித்த சட்டைகளோடு களத்துக்கு வந்தார்கள். நிறம் மாறியதாலேயே கூலி மாறிவிடவில்லை.

இந்தத் துறைக்கு ஒரு நடைக் கையேடு எழுதச் சொன்னால் நான்கு விதிகள் போதும். கட்டுரையில் கண் காணும் நிறத்தை எழுதுங்கள். வணிகப் பெயரை ஒருமுறை, வைத்தவர் யார் என்பதோடு சொல்லுங்கள். 'அதிகாரபூர்வம்' என்று எழுதினால் எந்த ஆண்டிலிருந்து, யாரால் என்பதையும் சேருங்கள். பெண்கள் அணியின் நிறத்தை அதன் பெயராலேயே எழுதுங்கள். ஆண்கள் அணியோடு உறவு இருந்தால் அதை உடைமை உறவாக, ஆண்டுகளோடு எழுதுங்கள், ரத்த உறவாக அல்ல. ஆண்கள் அணிக்கு நிறம் பற்றி ஒரு வரி போதுமென்றால் பெண்கள் அணிக்கும் ஒரு வரியே போதும். மிச்ச இடம் ஆட்டத்துக்கு.

இவற்றில் எதுவும் புரட்சி இல்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் யார் சொன்னது என்று கேட்கும் பழைய செய்தியறை ஒழுக்கம்தான். பெண்களைப் பற்றிய பக்கத்தில் மட்டும் அது ஏன் தளர்ந்துபோகிறது என்பதைத்தான் மாணவிகள் அடுத்த முறை விளையாட்டுப் பக்கத்தைத் திறக்கும்போது கவனிக்க வேண்டும்.