புல்லட்டுக்கு வெளியே ஓர் ஆல்டர்னேட்டர்: தேவைதானா?

மாடம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ராத்திரி வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். தெருவிளக்கு இல்லாத இடத்தில் மாடு படுத்திருக்கும். போன மாதம் என் பழைய 350 புல்லட்டின் முகவிளக்கில் அந்த மாடு தெரிந்தபோது நடுவில் பத்தடிகூட இல்லை. அன்றைக்குத் தப்பித்தேன்.

மறுநாள் ஒரு மெக்கானிக்கிடம் சொன்னேன். "உள்ள இருக்கற காயில் பத்தாது சார். சின்ன கார் ஆல்டர்னேட்டர் ஒண்ணு வெளில மாட்டிடலாம், பெல்ட்ல ஓடும். லைட்டு பகல் மாதிரி அடிக்கும்" என்றார். அவர் ஏற்கெனவே மாட்டிய ஒரு வண்டியையும் காட்டினார். வேலை சுத்தம்தான். ஆனாலும் அந்த யோசனை மீது எனக்கு விமர்சனம் உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அதன் நியாயம். வெளி ஆல்டர்னேட்டர் ஒன்றும் கிறுக்குத்தனம் இல்லை. பி.எம்.டபிள்யூ 1990களில் கொண்டுவந்த ஆர் 1100 வண்டிகளில் பெல்ட்டில் ஓடும் ஆல்டர்னேட்டர்தான். புல்லட்டில் இருப்பது நிலைக்காந்தம். எஞ்சின் வேகத்துக்கேற்ப மின்சாரம் வந்துகொண்டே இருக்கும், மிச்சத்தை ரெகுலேட்டர் சூடாக்கி வீணடிக்கும். கார் ஆல்டர்னேட்டரோ கேட்ட அளவு மட்டுமே தயாரிக்கும். ஆகவே 'குதிரைத்திறனைத் தின்றுவிடும்' என்ற வழக்கமான குற்றச்சாட்டு பாதிதான் உண்மை. 14 வோல்ட்டில் 35 ஆம்பியர் முழுசாக இழுத்தால் 490 வாட்; இழப்பையும் சேர்த்தால் எஞ்சினிலிருந்து ஒரு குதிரைத்திறனுக்குச் சற்று மேல் போகும். ஆனால் 120 வாட் மட்டும் கேட்டால் அதற்கேற்பக் குறைவாகத்தான் போகும்.

என் ஆட்சேபம் வேறு.

ஒன்று, வேகம். கார் ஆல்டர்னேட்டர் சுமாராக 1500 சுற்றாவது சுற்றினால்தான் ஒழுங்காக சார்ஜ் தரும். புல்லட் ஐட்லிங்கில் 1000 சுற்றுதான். ஆக எஞ்சின் பக்கப் புல்லி, ஆல்டர்னேட்டர் புல்லியைப்போல் இரண்டு மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். நான் பார்த்த வண்டியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. கேம்ப் ரோடு சிக்னலில் நின்றால் அது பேட்டரியைத்தான் குடிக்கும். எங்கே வெளிச்சம் போகிறது என்பதுதான் நம் புகாரே, அங்கேயே அது கைவிடுகிறது.

இரண்டு, இடம். கிராங்க் முனையும் காந்தமும் இடப்பக்க செயின் கேஸுக்குள், எண்ணெயில் இருக்கின்றன. புல்லி போட வேண்டுமானால் மூடியைத் துளைத்து, லேத்தில் தண்டை நீட்டி, ஆயில் சீல் வைக்க வேண்டும். அந்த நீட்டிய தண்டை பெல்ட் எப்போதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும். ஒற்றை சிலிண்டரின் அதிர்வு பிராக்கெட்டைச் சும்மா விடாது. மழைக்காலத் தண்ணீரில் பெல்ட் வழுக்கும்.

மூன்று, கால். பழைய புல்லட்டில் கியர் வலது, பிரேக் இடது. மூடாத பெல்ட் ஓடுவது பிரேக் மிதிக்கிற காலுக்குப் பக்கத்தில். பின்னால் புடவையோடு ஒருபுறமாக உட்காருபவர்களின் காலும் அதே பக்கம்தான். சேலைத் தடுப்பு பின்சக்கரத்துக்குத்தான் இருக்கிறது, இதற்கு யார் வைப்பது? என் அம்மாவை அந்த வண்டியில் நான் ஏற்ற மாட்டேன்.

கூடவே சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. விபத்து நடந்தால் கேள்வி வரும்.

சரி, வேறென்ன செய்வது? கணக்குப் போட்டேன். முகவிளக்கு 60, பின்விளக்கு 5, இக்னிஷனுக்கு சுமார் 30, பிரேக் விளக்கு 21. மொத்தம் 116 வாட். ஒன்பது ஆம்பியருக்குள். பிறகு மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரியில் 12.6 வோல்ட். பல்பு முனையில் 10.8. நடுவில் 1.8 வோல்ட் பழைய ஒயரிலும், துருப்பிடித்த எர்த்திலும், தேய்ந்த சுவிட்சிலும் கரைந்துகொண்டிருந்தது. ஹாலஜன் பல்பின் ஒளி, வோல்ட்டின் ஏறக்குறைய 3.4ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறும். அந்தக் கணக்கில் எனக்குக் கிடைத்தது அறுபது சதவீத வெளிச்சம்! இதில் ஆல்டர்னேட்டர் செய்த தப்பு என்ன?

ரிலே ஒன்று, தடித்த ஒயர், சுரண்டிச் சுத்தம் செய்த எர்த். அரைநாள் வேலை, சில நூறு ரூபாய். இப்போது பல்பில் 12.3. ஐட்லிங்கில் இன்னும் கொஞ்சம் மங்குகிறது, மறைக்க மாட்டேன்.

கூடுதல் விளக்குகள், சூடேற்றும் உடை என்று உண்மையிலேயே 300 வாட் தேவைப்படுபவர் வெளி ஆல்டர்னேட்டரை யோசிக்கட்டும். புல்லியின் விகிதத்தைக் கணக்கிட்டு, பெல்ட்டை முழுக்க மூடி மாட்டட்டும். மற்றவர்கள் முதலில் பல்பு முனையில் மீட்டரை வையுங்கள்.

மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். "அப்போ அந்த அண்ணன் வண்டிக்கும் ஒயரைப் பாத்திருக்கணுமோ சார்?" என்றார். பார்த்திருக்கணும். இன்னும் நேரமிருக்கிறது, முதலில் அந்த பெல்ட்டுக்கு ஒரு மூடி போடுங்கள் என்றேன்.