சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் மனிதர்கள்

இந்த வாரம் சினிமா இல்லை, புத்தகம் இல்லை. ஒரு ஃபாரத்தை விமர்சனம் செய்யப் போகிறேன். பாஸ்போர்ட் விண்ணப்பம். சிரிக்காதீர்கள். கல்யாணப் பத்திரிகையைக்கூட நாம் இவ்வளவு கவனமாகப் படிப்பதில்லை. இனிஷியல் ஒன்று இடம் மாறினால் மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும் என்ற பயம்.

நான் அதை ஒழுங்காகப் படித்தது ஏற்காட்டில்.

சேர்வராயன் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். ஐந்தாயிரம் அடிக்கு மேல், மலை உச்சியில், தலையைக் குனிந்தால்தான் உள்ளே போக முடிகிற குகைக் கோயில். சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். வருஷா வருஷம் மே மாதம் திருவிழா. மலையாளிகள் என்ற பழங்குடி மக்களின் சாமி இது. (கேரளத்து மலையாளி இல்லை, மலையை ஆளுகிறவர்கள்.) இந்த மக்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை சுவாரஸ்யமானது. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பினார்களாம். பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கு, நடுவண்ணன் பச்சைமலைக்கு, சின்னண்ணன் கொல்லிமலைக்கு. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட ஜாதிகள் பற்றிய பெரிய தொகுப்பில் இந்தக் கதை இருக்கிறது.

ஆக, மலையின் மூத்த குடியே 'நாங்கள் வெளியூர்' என்கிறது. காபிக்குப் பூர்வீகம் ஆப்பிரிக்கா. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே கொண்டுவந்து நட்டார். அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியா. எல்லாம் இந்த மண்ணோடு மண்ணாகிவிட்டன. ஒரு மரமும் சர்டிபிகேட் காட்டவில்லை.

கோயிலுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெரியவர் பேச்சுக் கொடுத்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். காபி எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்ந்தவர். நான் பத்திரிகைக்காரன் என்று டீக்கடைக்காரர் போட்டுக் கொடுத்துவிட்டார்.

"சார், ஒரு ஃபாரம் பாத்துச் சொல்லணுமே" என்று மஞ்சள் பையிலிருந்து எடுத்தார். பிரவுசிங் சென்டர் பையன் அடித்துக் கொடுத்த பிரின்ட் அவுட். பிறந்த ஊர் சேலம். குடியுரிமை பிறப்பால்.

"சரியாத்தானே இருக்கு அண்ணே?"

"நான் பொறந்தது ஹட்டன் பக்கம், சார். சிலோன். அந்தத் தம்பிதான், இப்படிப் போட்டா சீக்கிரம் வந்துடும்னு போட்டுட்டான். பொய் சொல்லி வாங்கவா?"

வாங்கக் கூடாதுதான். 1967-ம் வருட பாஸ்போர்ட் சட்டத்தின்படி தப்பான தகவல் கொடுப்பது குற்றம். அதைவிட, இந்த மனிதருக்குப் பொய்யே தேவையில்லை. ஃபாரத்தில் அவருக்கு இடம் இருக்கிறது. 'பிறந்த இடம் இந்தியாவுக்கு வெளியேவா?' என்று ஒரு கட்டம். 'குடியுரிமை எப்படி வந்தது?' என்று இன்னொரு கேள்வி; பதில்கள் மூன்று. பிறப்பு, வம்சாவளி, பதிவு அல்லது இயல்பாக்கம். கூடவே, குடியுரிமை கிடைத்ததற்கான சான்று. இந்த ஃபாரத்தை எழுதியவர் யாரோ, நாலும் தெரிந்தவர். எல்லாரும் இங்கேயே பிறந்தவர்கள் என்று அவர் நினைக்கவில்லை. படிக்கிறவர்கள்தான் நினைக்கிறோம்.

பையிலிருந்து இன்னொன்று எடுத்தார். அவருடைய அப்பாவின் பழைய இந்திய பாஸ்போர்ட். கண்டியில் இருந்த இந்திய உதவி ஹை கமிஷன் கொடுத்தது. உள்ளே பிள்ளைகளின் பெயர்கள். அதில் ஒரு பெயர் இவர். அப்போது வயது பத்து. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியது 1973-ல்.

கவனியுங்கள். நாம் எல்லாரும் நாட்டில் பிறந்து, வளர்ந்து, அப்புறம் என்றாவது பாஸ்போர்ட் வாங்குகிறோம். இவர்கள் முதலில் குடியுரிமை வாங்கி, பாஸ்போர்ட்டும் வாங்கி, அதற்கப்புறம்தான் இந்தியா எப்படி இருக்கும் என்றே பார்த்தார்கள்.

இந்தத் தலைகீழ் ஏற்பாடு எப்படி வந்தது? சுருக்கமாகச் சொல்கிறேன். சேலம், திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கமிருந்தெல்லாம் வெள்ளைக்காரன் காலத்தில் ஏழை ஜனங்களை இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். சுதந்திரம் வந்ததும் இலங்கை 1948-ல் ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டு அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை அப்புறம் பேசிக்கொள்ளலாம்!

நான் பி.காம். கணக்கு எழுதும்போது எங்கே சேர்ப்பது என்று தெரியாத தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்'டில் போட்டு வைப்போம். ஆடிட்டர் வருவதற்குள் எப்படியாவது நேர் செய்துவிட வேண்டும். இங்கே ஒன்றரை லட்சம் பேர் சஸ்பென்ஸில் கிடந்தார்கள், 1974 வரைக்கும். அந்த வருடம் ஆளுக்கு 75,000 என்று பாதிப் பாதியாகப் பிரித்துக் கணக்கை முடித்தார்கள். அந்த மக்களில் ஒருத்தரையாவது கேட்டார்களா? லெட்ஜரில் இருக்கிற எண்ணை யார் கேட்பார்கள்.

பெரியவரின் அக்காவுக்கு அதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீடு மூன்று லட்சத்தில் வந்தது. பிறந்த வீடு ஐந்தேகால் லட்சத்தில். இப்படிப் பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ. இப்போது அக்காவுக்கு எழுபது வயது. பேரன் தயவில் வாட்ஸ்ஆப்பில் முகம் பார்க்கிறார்கள்.

"பாத்துக்கிட்டேதான் சார் இருக்கோம். பக்கத்துல உக்காரணும்ல?" என்றார். அதற்குத்தான் பாஸ்போர்ட்.

இவருக்கு வேலை முடிந்துவிடும். காகிதம் இருக்கிறது. உண்மையில், குடியுரிமை வாங்கியவர் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பது ஒரு பெரிய விஷயமே இல்லை. 1,500 ரூபாய், ஒரு சர்டிபிகேட், ஒரு போலீஸ் விசாரணை. என் புகார், அந்தக் கட்டத்துக்குப் போய்ச் சேர விடாமல் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறோமே, அவர்களைப் பற்றியது.

1983 கலவரத்துக்கு அப்புறம் கப்பல் நின்றது. அதன்பின் வந்தவர்கள் அகதி. அவர்களில் ஒரு பகுதியினர் இதே தோட்டத்து ஜனங்கள், இதே சேலம் திருச்சி வம்சம். 1973-ல் வந்தால் குடிமகன், படகில் 1990-ல் வந்தால் 'சட்டவிரோதக் குடியேறி'. 2003-ல் கொண்டுவந்த திருத்தப்படி, அந்த முத்திரை விழுந்தால் பதிவும் கிடையாது, இயல்பாக்கமும் கிடையாது. இயல்பாக்கத்துக்கு என்னென்ன தகுதி என்று பார்த்தேன். குறிப்பிட்ட காலம் இங்கே குடியிருந்திருக்க வேண்டும். நன்னடத்தை வேண்டும். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள ஒரு மொழி தெரிந்திருக்க வேண்டும். அட்டவணையில் தமிழ் இருக்கிறது, ஐயா! முப்பது நாற்பது வருஷமாகக் குடியிருக்கிறார்கள், தமிழைத் தவிர வேறு வீடு அறியாதவர்கள். ஆனாலும் விண்ணப்பிக்க முடியாது.

இந்த மாதிரி 65 பேர் மதுரைக் கிளைக்குப் போனார்கள். 2019 ஜூனில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இவர்கள் விண்ணப்பங்களை வாங்கிப் பரிசீலியுங்கள் என்று மத்திய அரசுக்கு உத்தரவு போட்டார். அதே வருட டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்குக் கதவைத் திறந்தது. இலங்கையைச் சேர்க்கவில்லை.

இன்னொரு வழக்கு எனக்கு இன்னும் முக்கியம். மண்டபம் முகாமில் 1986-ல் ஒரு பெண் பிறந்தார். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியர். சட்டம் அவ்வளவு தெளிவு. ஆனால் அவருக்கு பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. ஃபாரத்தில் 'பிறப்பு' என்ற முதல் கட்டமே அவருடையது. முகாம் விலாசத்தைப் பார்த்ததும் கண் அந்தக் கட்டத்துக்குப் போகவில்லை. 2022 ஆகஸ்டில் ஹை கோர்ட் சொல்லித்தான் கிடைத்தது. 2024 தேர்தலில் திருச்சியில் ஓட்டும் போட்டார். ஆனால் 2004 டிசம்பருக்கு அப்புறம் பிறந்த பிள்ளைக்குத் தாய் மட்டும் இந்தியராக இருந்தால் போதாது. தகப்பன் மேல் 'சட்டவிரோதம்' என்ற முத்திரை இருந்தால் பிள்ளைக்கும் இல்லை. அம்மா இந்தியர், பிள்ளை சஸ்பென்ஸ்.

2025 மே மாதம் 'டூரிஸ்ட் ஃபேமிலி' படம் வந்து சக்கைப்போடு போட்டது. கள்ளத்தோணியில் வந்த ஒரு இலங்கைத் தமிழ்க் குடும்பத்தை ஒரு தெருவே சொந்தமாக்கிக்கொள்ளும் கதை. நானும் கண் கலங்கினேன். நல்ல படம். ஒரே குறை, தெரு ஏற்றுக்கொண்டால் காரியம் முடிந்தது என்று நம்மை சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. அதே மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இது ஒன்றும் தர்மசத்திரம் இல்லை என்று வாய்மொழியாகச் சொன்னது. தியேட்டரில் கைதட்டிய நாம் அதற்கு என்ன செய்தோம்? பேப்பரை மடித்து வைத்தோம்.

அரசுகள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021-ல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை இங்கே அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்டவர்களுக்கு, ஆவணம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்குக் கொடுத்தது. ஜெயிலுக்குப் போக வேண்டாம். சரி. குடியுரிமை?

இதில் வெட்கப்பட வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. 1948-ல் இந்தச் சிக்கலை ஆரம்பித்து வைத்த இலங்கையே 2003-ல் ஒரு சட்டம் போட்டது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் இருக்கிற இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் குடியுரிமை. இந்திய பாஸ்போர்ட் வாங்கிவிட்டுக் கப்பல் ஏறாமல் தங்கிவிட்டவர்கள்கூட ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால் போதும். தன் பக்கத்து சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டை அது மூடிவிட்டது. நம் பக்கத்து ஆடிட்டர் இன்னும் வரவில்லை.

பெரியவர் விஷயத்துக்கு வருகிறேன். ஃபாரத்தை மறுபடி அடித்தோம். பிறந்த இடம் வெளிநாடு. குடியுரிமை பதிவு. அப்பாவின் காகிதங்கள் நகல் எடுத்து இணைத்தாயிற்று. சில வாரம் கழித்து போன் செய்தார். போலீஸ் விசாரணைக்கு வந்தவர், "சிலோன் எப்படி இருக்கும், குளிருமா?" என்று கேட்டாராம்.

"என்ன சொன்னீங்க?"

"இதே குளிர்தான்னேன். வேற என்னத்தச் சொல்ல?"

பாஸ்போர்ட் வந்துவிட்டது. ஏரோப்ளேனில் போகச் சொல்லி மகன் கேட்டிருக்கிறான். இவருக்குக் கப்பல்தான் வேண்டுமாம். ராமேஸ்வரத்தில் இப்போது கப்பல் இல்லை என்றேன். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் ஆரம்பித்தார்கள், நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள், கிளம்புவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

"காங்கேசன்துறையில இருந்து ஹட்டன் எவ்வளவு தூரம் சார்?" என்றார்.