யாருடைய ஊர்? கோமல் சுவாமிநாதனை மறுபடி வாசிக்க

கோமல் சுவாமிநாதன் (1935–1995) பேச்சு வந்தாலே நம்மாளுங்க இரண்டு கட்சியாகி விடுகிறார்கள். 'சபா நாடகக்காரர்தானே' என்பது நவீன நாடகத் தரப்பு. 'நம்ம தோழர்' என்பது இடதுசாரித் தரப்பு. இரண்டுமே பிரதியை விட்டுவிட்டு ஆளுக்கு முத்திரை குத்துகிற வேலை.

எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜில் பயின்று, பிறகு 'ஸ்டேஜ் பிரண்ட்ஸ்' குழுவை நடத்தியவர் கோமல். 1980ல் 'தண்ணீர் தண்ணீர்' மேடையேறியது. வறண்டு கிடக்கும் அத்திப்பட்டிக்கு, கொலை செய்துவிட்டுத் தப்பி வந்த வெள்ளைச்சாமி வண்டி கட்டித் தண்ணீர் கொண்டுவருகிறான். ஜனங்கள் தாங்களே கால்வாய் வெட்டப் போனால் அரசு குறுக்கே நிற்கிறது. சிரித்துவிட்டுப் போக வந்த சபாக்காரனைக் கரிசல் தாகத்தின் முன்னால் உட்கார வைத்த நாடகம் இது. 1954ஆம் ஆண்டு நாடகச் சட்டம் அமலில் இருந்த காலம். நாடகப் பிரதி போலீஸ் பார்வைக்குப் போக வேண்டும். அதன் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததே 2013ல்தான். அதிகாரத்தை விமர்சிக்கும் பிரதிக்கு முதல் வாசகன் அதிகாரமே என்றிருந்த நிலையைக் கணக்கில் கொள்ளாமல் 'சபா' என்று ஒதுக்குவது நியாயமில்லை.

1981ல் பாலசந்தர் அதைப் படமாக்கினார். திரைக்கதைக்கான தேசிய விருது அவருக்குப் போனது. கோமலே இயக்கிய 'ஒரு இந்திய கனவு' 1983க்கான சிறந்த தமிழ்ப்பட தேசிய விருது வாங்கியது. இன்றைக்கு அதை யார் பேசுகிறார்கள்?

என் சண்டை வேறு இடத்தில். எங்க செஞ்சிக்கோட்டையில் செட்டிகுளம், சக்கரக்குளம், கல்யாண மகாலுக்கு நீர் போன சுடுமண் குழாய் எல்லாம் காட்டுவார்கள். அந்த நீரைத் தொட முடியாதவர்கள் யார் என்று காட்டமாட்டார்கள். அத்திப்பட்டியிலும் மைய மோதல் ஊருக்கும் அரசுக்கும் இடையே. ஊருக்கும் சேரிக்கும் இடையே அல்ல. தாகம் எல்லோரையும் ஒன்றாக்கும் என்ற நம்பிக்கைதான் அந்த 'ஊரை'க் கட்டுகிறது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது தெரியவந்த பிறகு அந்த நம்பிக்கையோடு இதை எப்படி வாசிப்பது? அரசு வழிவிட்டிருந்தால் கால்வாய் எந்தத் தெருவுக்கு முதலில் திரும்பியிருக்கும்?

இப்படிக் கேட்பது கோமலை நிராகரிப்பதல்ல. 1991 முதல் 'சுபமங்களா' ஆசிரியராக இருந்து, தன் மேடைக்கு மாறான நவீன நாடகங்களுக்கும் விழா எடுத்தவர் அவர். செஞ்சிப் பக்கம் விடிய விடியக் கூத்தாடுகிறவர்கள் இந்த நாடகத்தை எடுத்து ஆடட்டும். முதல் காட்சி சேரிக் குழாயடியில் தொடங்கட்டும்.